இரண்டு கடல்காரர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாள்

1

எங்கள் பள்ளியில் படித்த பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். ‘அயல் மண்ணில் நம் பண்பாடு’ என்று தலைப்பு. ஆளுக்கு நான்கு பக்கம். என்னிடம் கேட்டவர் பத்தாம் வகுப்புவரை என்னுடன் படித்தவர். இப்போது ஆர்.எஸ்.புரத்தில் பட்டுப்புடவைக் கடை நடத்துகிறார்.

“ஏனுங் பூங்கொடி, நீங்க அலை மேல பலகை போட்டு நிக்கறீங்களாமா? அதையும் ஒரு பாரா சேத்துக்குங்க, சுவாரசியமா இருக்கும். போட்டோ மட்டும் சேலை கட்டுனதா அனுப்புங்க” என்றார்.

நம் பண்பாட்டைப் பற்றி எழுத என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது அந்த மலரில் வராது. புடவை விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க அழகாகவும் இருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் தொண்டாமுத்தூர்க்காரி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் செந்திலுக்கு வட போர்ச்சுகலில் ஒரு பின்னலாடை ஆலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்ததும், ஐந்து வயது மகள் யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தோம். அவளுக்கு இப்போது பதினாறு. இடுப்பில் ஏறிய பிள்ளைக்கு இன்று நான் தமிழில் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் கண் செருகுகிறது.

இந்த நாட்டுக் கணினிகளுக்கு ஒற்றைப் பெயர் ஆகாது. குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். எனவே என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வசிப்பிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், “சென்யோரா ரங்கசாமி!” என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். ஒருமுறை பிறப்புச் சான்றிதழில் ஊர் கோயம்புத்தூர் என்றும் வேறொரு காகிதத்தில் தொண்டாமுத்தூர் என்றும் இருந்ததற்காக, நான் ஒரு ஆளா இரண்டு ஆளா என்று முடிவு செய்ய ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த மாதம் வரச் சொல்வார். இங்கே நிமிர்ந்து பார்த்து, புன்னகைத்து, நாள் நன்றாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்வார்கள். முன்னேறிய நாடு என்பது அந்தப் புன்னகைதான்.

2

யாழினி படித்த பள்ளியில் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லித் தந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து கடல் இருபது நிமிடம். வாரா வாரம் நான் துண்டும் டிபன் டப்பாவும் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். கூட நின்ற மற்ற அம்மாக்கள் காப்பிக் கடைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் நம் ஊர்த் தாய் அல்லவா, குளிரில் விறைத்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது வாரம் சொல்லித் தந்த பெண், “நிற்கிறதற்கு நீயும் இறங்கலாமே, நீச்சல் தெரியுமா?” என்றாள். தெரியும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் அண்ணன் கதிர்வேல் என்னைத் தள்ளிவிட்டுப் பழக்கியது. முப்பத்தெட்டு வயதில், ரப்பர் சட்டைக்குள் என்னைத் திணித்துக்கொண்டு நான் அட்லாண்டிக்கில் இறங்கியது அப்படித்தான்.

கிணற்று நீச்சலுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று புரிய ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எழுந்து நிற்க ஒரு வருடம் ஆனது.

ஓரளவு நிற்கத் தெரிந்ததும் எனக்குக் கொழுப்பு ஏறியது. பெரியவர்கள் சறுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு விதி உண்டு: அலை எங்கே முதலில் உடைகிறதோ அதற்கு அருகில் இருப்பவருக்கே அந்த அலை. நடுவில் புகக் கூடாது. நான் புகுந்தேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் பலகையோடு என்மேல் மோதாமல் இருக்கத் தண்ணீருக்குள் பாய்ந்து, வெளியே வந்து, நான் அதுவரை பாடப் புத்தகத்தில் படித்திராத போர்ச்சுகீசியச் சொற்கள் அத்தனையையும் சொன்னார். அவர்தான் ரூயி. யாழினி போகும் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். ஐம்பது வயது, மனைவி பிரிந்து போனவர், காலை முதல் ஓட்டத்துக்கு முன் கடலில் இறங்காவிட்டால் அன்று பேருந்தில் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்.

அதே வாரத்தில் இன்னொரு நாள் இழுவை நீரோட்டம் என்னைக் கடலுக்குள் கொண்டுபோனது. கரையை நோக்கித் துழாவித் துழாவிக் கை ஓய்ந்தபோது அருகில் அதே தாடி. “கரையைப் பார்த்து நீந்தாதே. பக்கவாட்டில் போ. கத்தாதே, மூச்சு வீணாகும்” என்றார். கூடவே நீந்தி வந்தார். மணலில் ஏறியதும் நான் நன்றி சொன்னேன். “நீ செத்துப்போனால் இந்த இடத்தை மூடிவிடுவார்கள், அதற்காகத்தான்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அன்று காப்பிக் கடையில் அவருடைய சிநேகிதர்கள் ஊரைப் பற்றிக் கேட்டார்கள். எங்களுக்குப் பெரிய தென்னந்தோப்பு இருக்கிறது, பிறந்ததிலிருந்து இளநீர் குடித்தே வளர்ந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். போர்ச்சுகீசியத்தில் தேங்காய்க்கு ‘கோக்கோ’. முதல் எழுத்தை அழுத்த வேண்டும். நான் கடைசி எழுத்தை அழுத்திவிட்டேன். அப்படி அழுத்தினால் அது கைக்குழந்தைகள் துணியில் போய் வைப்பது. அதை விளைவிக்க எங்களுக்குத் தோப்பே இருக்கிறது என்றும், அதைத் தினமும் குடித்து வளர்ந்தேன் என்றும் நான் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் கல்லாவின் மேல் தலையை வைத்துச் சிரித்தார். யாழினி மேசைக்கடியில் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் கடற்கரையில் என் பெயர் கோக்கோ, கடைசி எழுத்தில் அழுத்தம். ரங்கசாமி என்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

3

எல்லோரும் இப்படிச் சிரித்து ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். இல்லை. ஒருநாள் கரையேறி வந்து பார்த்தால் என் காரின் முன்கண்ணாடி முழுக்கப் பலகைக்குத் தேய்க்கும் மெழுகைத் தேய்த்து, அதில் விரலால் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று எழுதியிருந்தார்கள். ரூயி வெந்நீர் கொண்டுவந்து சுரண்டி எடுத்தார். எழுதியவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் கடலில் அவர்களில் ஒருவன் அலை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ரூயி குறுக்கே புகுந்தார். விதி, மரியாதை எல்லாவற்றையும் மீறி, ஒரு காலை முழுக்க. அவன் கரைக்குப் போய்விட்டான்.

இதை அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் அரை மணி நேரம் கொதித்தார்.

“என்னம்மணி அக்குருமமா இருக்குது! மனுசனை மனுசனா மதிக்கோணுமல்ல? தோலைப் பாத்து ஒதுக்கறதுக்கு அவனுக என்ன வானத்துல இருந்து குதிச்சவனுகளா? அந்த ரூயிங்கறவரு நல்ல மனுசன். எப்பொவாச்சும் நம்ம ஊட்டுக்குக் கூட்டியா. வாயில வெச்சா கரையற மாதிரி சோறு போட்டுத் தாட்டி உடறேன்.”

அவர் உண்மையாகவே கொதித்தார். அதுதான் இதில் கேவலம்.

ரூயியின் பழைய வேனில் நாங்கள் பல இடங்களுக்குப் போனோம். ரூயி, நான், யாழினி, சில சமயம் அவர் சிநேகிதர்கள் இரண்டு பேர். செந்தில் வரமாட்டார், கடல் உப்பு உடம்புக்கு ஆகாது என்பார். வடக்கே ஸ்பெயின் எல்லை தாண்டி கலீசியாவில் மழையில் நனைந்துகொண்டே சறுக்கினோம். அங்கத்து ஆட்கள் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவார்கள். மூன்றாம் நாள் ஒருவர் வந்து, ஓதம் வற்றும்போது எந்தப் பாறை வெளியே தெரியும் என்று மணலில் வரைந்து காட்டிவிட்டுப் போனார். மொராக்கோவில் ஒரு மீனவர் கிராமத்தில் ஒரு வாரம். யாழினியின் பலகை பாறையில் பட்டு உடைந்தபோது, பெயர்கூடக் கேட்காமல் ஒருவர் தன் பலகையைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து அவள் சறுக்குவதைப் பார்த்துக் கைதட்டினார்.

இந்தப் பயணங்களில் நான் வெறுத்தது ஒரே ஒரு கூட்டத்தைத்தான். எல்லாக் கரைகளிலும் அவர்கள் இருப்பார்கள். காலையில் யோகா, மதியம் ஒரு மணி நேரம் அலை, மாலையில் சூரியனை வணங்கிப் படம். உள்ளூர்க்காரனிடம் அவர்கள் பேசுவது, பலகையை எங்கே வைப்பது என்று கேட்பதற்கு மட்டும். என்னைப் பார்த்ததும் கை கூப்பி ‘நமஸ்தே’ என்பார்கள். நான் போர்ச்சுகீசியத்தில் பதில் சொல்வேன். முகம் வாடிப்போகும்.

4

சென்ற ஆண்டு ஜனவரியில், கொடுமுடியில் காவிரிக்கரையில் அப்பாவுக்கு முதல் திதி கொடுத்து முடித்துவிட்டு, நானும் யாழினியும் சென்னைக்குப் போனோம். ரூயி அங்கே விமானத்தில் வந்து இறங்கினார். மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் எட்டு நாள் தங்கி அலை பார்ப்பதாகத் திட்டம்.

தமிழ்நாட்டுக் கடலில் நான் அதற்குமுன் கணுக்கால்வரைதான் நனைந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேசுவரத்தில் முழுக்குப் போடுவது, மெரினாவில் பேண்டைச் சுருட்டிக்கொண்டு அலை வரும்போது கூச்சலிட்டு ஓடுவது. அவ்வளவுதான். ஆனால் நான் அட்லாண்டிக்கைப் பார்த்தவள் என்ற திமிரில் இருந்தேன்.

ஏழுமலை அந்தத் திமிரை முதல் நாளே இறக்கினார். முப்பத்திநான்கு வயது. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. மீன்பிடிக்கப் போகாத நேரத்தில் சறுக்கச் சொல்லித் தருவார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், கரையிலேயே வீடு. நான் பலகையில் படுத்து அலைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து, “எந்த ஊருக்கா?” என்றார்.

“கோயம்புத்தூர்.”

“அங்க ஏதுக்கா கடலு?”

“போர்ச்சுகல்ல பழகினேன்.”

“அதான். இன்னாத்துக்கு இப்டி அவசரப்படறேன்னு பாத்தேன். அங்க அலை ஒடனே ஒடைஞ்சிருமா? இங்க அது பாட்டுக்கு வரும். நீ அத்த முந்திக்கினு எழுந்துக்கிற. வுடு. அது ஒன்னத் தூக்கும், அப்ப எழு.”

அவர் சொன்னபடி விட்டேன். அது தூக்கியது. நான் கரைவரை போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஒரு அலையில் போனதில்லை. திரும்பிப் பார்த்தால் ஏழுமலையும் ரூயியும் தண்ணீரில் உட்கார்ந்து கை இரண்டையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பத்து இருபது ஆங்கிலச் சொற்கள். அது போதுமாக இருந்தது. விடிவதற்குள் ரூயி ஏழுமலையின் படகைத் தள்ளப் போய்விடுவார். ஏழுமலையின் மனைவி எங்கள் மூன்று பேருக்கும் அவர்கள் வீட்டுக்குள், அவர்களோடு வட்டமாக உட்காரவைத்து வஞ்சிரக் குழம்பு ஊற்றினார். எட்டு நாளும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஏழுமலை கேட்டார்: “அக்கா, ஒங்க தோட்டத்துக்கு ஆனை வருமாமே, மெய்யா?”

“வரும். மலை அடிவாரம். வாழையும் தென்னையும் தின்ன வரும்.”

“கோயில் ஆனைதான் பாத்துக்கீறேன். காட்டு ஆனை பாத்ததே இல்ல. ரெண்டு நாள் வரட்டா?”

ரூயி அதற்குள் அவர் தோளில் கை போட்டுவிட்டார். நான் வாங்க என்றேன். எங்கள் வீட்டில் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் கூட வரும்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

5

கேட்டார்கள். வாசலில் கார் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“தம்பிக்கு எந்தூருங்க?” என்றார் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக.

“மாபலிபுரம் பக்கம் குப்பம்ண்ணே.”

“அப்படீங்களா. என்ன தொழிலுங்க?”

“மீன்பிடிண்ணே. சொந்தப் படகு.”

“ரொம்ப சந்தோசமுங்க. உக்காருங்க.”

அண்ணன் உள்ளே போனார். சமையலறையில் அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. சற்று நேரத்தில் காப்பி வந்தது. ரூயிக்கு எவர்சில்வர் டம்ளரில். ஏழுமலைக்குப் பேப்பர் கப்பில்.

எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதை ஜாஸ்தி என்று ஊரெல்லாம் சொல்வார்கள். உண்மைதான். எங்கள் ஊரில் அவமானத்தைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் பரிமாறுவோம்.

சாப்பாட்டு வேளை வந்தது. அம்மா விடியலிலிருந்து சமைத்திருந்தார். அரிசியும் பருப்பும் சாதம், நாட்டுக்கோழிக் குழம்பு, கொள்ளு ரசம், இனிப்புக்கு ஒப்புட்டு. உள்ளே கூடத்தில் மூன்று இலை போட்டிருந்தது, ரூயிக்கும் யாழினிக்கும் அண்ணனுக்கும். நானும் அண்ணியும் பிறகு உட்காருவதாக ஏற்பாடு. ஏழுமலை கை கழுவிவிட்டு நிலைப்படியில் கால் வைக்கும்போது அம்மா எதிரே வந்தார்.

“தம்பி, உள்ள ஒரே புழுக்கமா இருக்குதுங்க. நீங்க போர்டிகோவுல காத்தாட உக்காருங்க. அங்கயே கொண்டாந்து போட்டுப்போடறேன்.”

கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ரூயிக்காக அண்ணன் காலையிலேயே போட்டுவைத்தது.

ஏழுமலை அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் கையில் கரண்டியோடு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். ‘அம்மா, அவரு உள்ளதான் உக்காருவாரு.’ எத்தனை அலை குத்தியும் ஓயாத வாய் எனக்கு. அது திறக்கவில்லை. அப்பா போன வீடு, அம்மா அழுவார், அண்ணன் கத்துவார், விருந்தாளி முன்னால் எதற்கு என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

ஏழுமலை திரும்பிப் போய் காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி ஒரு பேப்பர் தட்டைக் கொண்டுபோனார்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாழினி போர்ச்சுகீசியத்தில் கேட்டாள்: “ஏழுமலை ஏன் வெளியே?”

“உள்ளே புழுக்கம்” என்றேன், அதே மொழியில்.

“எனக்குக் குளிருகிறது.”

“வெளியேதான் நல்ல காற்று. பேசாமல் சாப்பிடு.”

இந்தப் பொய்யை நான் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். போர்ச்சுகீசியம் தெரிந்த இன்னொருவர் அங்கே இருப்பதை மறந்துவிட்டேன். ரூயி நிமிர்ந்தார். “வெளியே காற்றா? அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?” என்றார். எழுந்தார். இலையை இரண்டு கைகளாலும் சோறும் குழம்புமாக அப்படியே தூக்கிக்கொண்டார். பலகையில் நிற்பதற்கு முன் செய்கிற மாதிரி முழங்காலை மடக்கி, மெல்ல மெல்ல நடந்தார். கூடத்திலிருந்து போர்டிகோவரை கோழிக் குழம்பு கோடாக ஒழுகியது. ஏழுமலையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையை விரித்தார். ஏழுமலை ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்தார்.

அண்ணன் இலையிலிருந்து பாதி எழுந்து கத்தினார்: “சார்! நோ சார்! இன்சைடு, இன்சைடு! ஏசி! ஏசி!”

“ஹியர் குட்! வெரி குட்!” என்றார் ரூயி வாய் நிறையச் சோறோடு.

யாழினியும் எழுந்தாள். அவள் தன் இலையில் குழம்பு விடவில்லை, அதனால் சுலபமாகத் தூக்கிப் போனாள்.

அண்ணன் தனியாக ஒற்றை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா குனிந்து ஈரத் துணியால் குழம்புக் கோட்டைத் துடைத்துக்கொண்டே போர்டிகோவரை வந்தார். பிறகு வேறு வழியில்லாமல் அங்கேயே பரிமாறினார். ரூயியின் இலைக்குக் குனிந்து வைத்தார். ஏழுமலையின் தட்டுக்கு வந்தபோது கரண்டி ஒரு சாண் உயரத்தில் நின்றது. அங்கிருந்து விழுந்தது குழம்பு.

நான் நிலைப்படியில் நின்றேன். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை.

ஏழுமலை தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. தோட்டக் குழாயில் கை கழுவினார். தட்டைத் தானே எடுத்துப்போய்க் குப்பையில் போட்டார். “நல்லா இருந்துச்சும்மா” என்றார் அம்மாவிடம். பிறகு என்னிடம், “அக்கா, சாயங்காலம் ரயில் எத்தினி மணிக்கு?”

“ஆனை?”

“இருக்கட்டும்க்கா.”

6

நான்தான் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததாக ரூயியிடம் சொல்லியிருந்தார். வடவள்ளி தாண்டியதும் நான் ஆரம்பித்தேன்: “அம்மா பழைய காலத்து ஆளு...”

“வுடுக்கா” என்றார். “ஒங்கம்மா மேல எனக்கு இன்னா கோவம்? அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். எனக்கும் இது புச்சு இல்ல. ஒனக்குத் தெரியுமில்ல, இப்டித்தான் நடக்கும்னு? தெரிஞ்சே கூட்டினு வந்த பாத்தியா, அதான்.”

அவர் இறங்கிப் போகும்போது எப்போதும் போலக் கையை ஆட்டவில்லை.

அடுத்த நாள் விடியலில் யானை வந்தது. ஒரு தாயும் குட்டியும். வேலியோரம் நின்று வாழையை உரித்துத் தின்றன. ரூயி சிறுபிள்ளை போல அழுதார். அண்ணன் அன்று குடும்ப வாட்ஸப் குழுவில் இரண்டு படங்கள் போட்டார். ஒன்றில் யானை. இன்னொன்றில் ரூயி தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறார். ‘நம்ம விருந்தோம்பலில் மயங்கித் தரையிலேயே அமர்ந்த வெளிநாட்டு விருந்தாளி’ என்று எழுதியிருந்தார். ஓரத்தில் வெட்டியது சரியாக விழவில்லை. ஒரு கறுத்த முழங்கால் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குக் கீழே முப்பது நாற்பது கைகூப்பிய பொம்மைகள். அதில் செந்திலுடையதும் ஒன்று.

விமானத்தில் யாழினி கேட்டாள். இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன். சாதி என்றால் என்ன என்று மூன்று மொழிகளையும் கலந்து விளக்க வேண்டியிருந்தது. “உன் கார் கண்ணாடியில் எழுதினார்களே, அதேதானே?” என்றாள். அதே என்றேன். “அன்றைக்கு நீ அழுதாய்” என்றாள். அதற்குப்பின் அவள் என்னிடம் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. அவள் என்னை விட்டு விலகிப் போகிறாள் என்று பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த இரண்டு வாரமும் அவள் பக்கம்தான் நியாயம் என்று தெரிந்தது.

ரூயியிடம் அவளே சொல்லிவிட்டாள். அவர் காப்பிக் கடையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அப்படியென்றால் வெளியே உட்காரவைத்தது காற்றுக்காக இல்லையா?”

“இல்லை.”

“நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன், கோக்கோ. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல இடம் நல்ல இடம் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன்.” அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஏழுமலைக்கு நான் அனுப்பிய குரல் செய்திகளை எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் அம்மாவின் வயது, அப்பாவின் சாவு, ஊரின் வழக்கம் என்று ஏதாவது ஒரு சால்ஜாப்பு இருக்கும். எதற்கும் பதில் இல்லை. கடைசியில் சித்திரை மாதத்தில் இரண்டே வாக்கியம் அனுப்பினேன். “தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன். தப்பு என்னுது.”

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. “இங்க காத்து சரியில்ல. அங்க எப்டிக்கா?”

7

ஏழுமலையை ஒரு மாதம் இங்கே வரவழைக்க வேண்டும் என்பது ரூயியின் முடிவு. அவரும் சிநேகிதர்களும் சேர்ந்து நடத்தும் சிறு அலைச்சறுக்குச் சங்கம் அழைப்புக் கடிதம் கொடுத்தது. நான் காகிதங்களைத் தயார் செய்தேன். அந்தக் கலையில் எனக்குத் தேர்ச்சி உண்டு.

விசா மறுக்கப்பட்டது. காரணம் அச்சடித்து வந்தது: விண்ணப்பதாரருக்குத் தாய்நாட்டோடு போதிய பிணைப்பு இல்லை, திரும்பிச் செல்வார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை. நான் அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன். கிணற்று ஓரத்தில் பிறந்து, முதல் வாய்ப்பு கிடைத்ததும் மூட்டை கட்டி ஓடிவந்த எனக்கு இந்த நாடு நிரந்தர வசிப்பிட அட்டை கொடுத்திருக்கிறது. பிறந்த கரையை விட்டு எட்டு நாள் வெளியே தூங்கியிராத மனிதர் திரும்பிப் போகமாட்டாராம். என் கேலியை எல்லாம் எங்கள் ஊருக்கே செலவழித்துவிட்டால் இவர்களுக்கு எதைக் கொடுப்பது?

“இன்னாக்கா, என்ன அங்கயே ஒக்காந்துருவேன்னு நெனிக்கிறாங்களா? அந்தக் குளுர்லயா?” என்று ஏழுமலை போனில் சிரித்தார்.

மறுபடி விண்ணப்பித்தோம். படகின் பதிவுப் பத்திரம், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், ரேஷன் கார்டு, இரண்டு பெண்களின் பள்ளிச் சான்று, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரைக்கு இன்னொரு முத்திரை. இந்தத் தடவை கொடுத்தார்கள்.

செப்டம்பரில் வந்தார். முதல் நாள் தண்ணீரில் கால் வைத்ததும் அவர் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. ரூயி அதன் பொருள் கேட்டார். குளிர் என்று மொழிபெயர்த்தேன். நான்காம் நாள் அவர் சறுக்குவதைப் பார்க்க அந்தக் கரையில் ஆட்கள் நின்றார்கள். என் காரில் மெழுகால் எழுதியவர்களில் ஒருவனும் நின்றான்.

வந்த இரண்டாவது ஞாயிறு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. ரூயி, ஏழுமலை, யாழினி, செந்தில், நான். ஒரே மேசை, ஒரே மாதிரித் தட்டு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. செய்யவேண்டிய இடத்தில் செய்யாததை, செலவே இல்லாத இடத்தில் செய்துகொண்டிருந்தேன். அரிசியும் பருப்பும் வைத்திருந்தேன். ஏழுமலை மூன்றாம் தடவை போட்டுக்கொண்டார்.

அப்போது அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார், அங்கே மாலை. செந்தில் என்னைப் பார்த்து, “அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லு” என்றார் மெதுவாக. நான் போனை எடுத்து, மேசை முழுதும் தெரியும்படி தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினேன்.

“கண்ணு, சாப்புட்டாச்சா? அட, ரூயிங்களா! நல்லா இருக்கீங்களா?” அம்மாவின் கண் ஒவ்வொரு முகமாகப் போய், கடைசியில் நின்றது. “இது ஆருங்க...” என்று இழுத்தார். தெரிந்துவிட்டது. “தம்பிங்களா. எப்பொ வந்தீங்க? ஊட்டுல பொண்ணுக சௌக்கியமுங்களா? சாப்புட்டீங்களா?”

ஏழுமலை வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நிதானமாகத் தண்ணீர் குடித்தார். அவர் குரலில் கோபம் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

“சாப்ட்டுக்கினே இருக்கேம்மா. வூட்டுக்குள்ள ஒக்காந்துதான். புழுக்கமே இல்ல.”

யாழினி கரண்டியைக் கீழே வைத்தாள். ரூயிக்குச் சொல் புரியவில்லை, ஆனால் அவரும் மெல்லுவதை நிறுத்தினார். போன் அம்மாவின் கையிலிருந்து மடிக்கு இறங்கியிருக்க வேண்டும். முகம் போய், கூடத்தின் மேற்கூரையும் சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன.

அம்மா அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை.